உப்புப் போட்ட காபி

மிஸ்ஸின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்க அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. ஒருவரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே ஊரோடு சண்டை போட்டவர் அவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே அவரைக் கேட்காமல் பெயரைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. எட்டு வருஷம் அவரிடம் வாங்கிய திட்டு போதும்.

என் அண்ணனின் பெயரை எழுதலாம். கேட்டுவிட்டேன். "போடு" என்றான். சேகர்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். எதையும் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன். பேச்சு ஆறு வயதில்தான் வந்தது, அதுவும் ஒன்றிரண்டு சொற்களாக. மனவளர்ச்சி குன்றியவர் என்பது அந்த நாளில் டாக்டரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை எல்லோரும் சொன்ன வார்த்தை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்காரர்கள் மட்டும் அவனை 'நல்ல பிள்ளை' என்றார்கள். உட்கார் என்றால் உட்காருவான். சாப்பிடு என்றால், போதும் என்று நாம் சொல்லும்வரை சாப்பிடுவான். ஒருமுறை கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் இவனைக் கவனிக்காமல் லட்டு வைத்துக்கொண்டே போக, இவனும் தின்றுகொண்டே போய், மூன்று நாள் படுத்துக் கிடந்தான். அப்போதும் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்களே தவிர, யாருக்கும் அது பயமாகப் படவில்லை. எனக்கும்தான்.

தொண்ணூற்று மூன்றில் அப்பா இறந்துபோனார். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பீன்யாவில் ஒரு திருகாணிக் கம்பெனியில் வேலையில் இருந்தார். அந்தத் திருகாணிகளைக் கவரில் போட்டு ஒட்டும் வேலை சிவாஜி நகர் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குப் போவதாகவும், அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நம் சேகர் மாதிரிதான் என்றும் அவர்தான் வந்து சொன்னார். அம்மாவும் நானும் அண்ணனை அழைத்துக்கொண்டு போனோம்.

அந்த ஷெட்டை நடத்திய மிஸ்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி, நெட்டை, கணுக்காலுக்கு மேல் நிற்கும் காட்டன் புடவை, ஆம்பிளை வாட்ச், காலில் கான்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூ போட்ட பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து, "வாங்க சேகர், உள்ள வாங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, பலகையில் நான்கு வட்டம். வட்டத்துக்கு ஒரு திருகாணி வைத்து, நான்கும் நிறைந்ததும் கவரில் சரிக்க வேண்டும். எண்ணத் தெரியாதவர்களும் தப்பில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் அதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது காபி வந்தது. மிஸ் ஒரு டம்ளரை எடுத்து, அதிலிருந்து தானே ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தார். ஏதோ ஆசாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் ஒரு சொட்டு விடாமல் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"சேகருக்குக் குடுத்தது உப்புக் காபிமா," என்றார் மிஸ் அம்மாவிடம். "முழுசும் குடிச்சிட்டாரு."

அம்மாவுக்கு வந்த கோபத்தில் காபி அவள் புடவையிலேயே கொட்டியது. வீடு தேடி வந்தவர்களுக்கு இப்படியா செய்வார்கள், நீயெல்லாம் ஒரு டீச்சரா, என் பிள்ளை உனக்குக் கிள்ளுக்கீரையா என்று பொரிந்து தள்ளினாள். மிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "யார் எதைக் குடுத்தாலும் குடிக்கிறாரு, யார் கூப்பிட்டாலும் போவாரு. நீங்க பக்கத்துல இருக்கறவரைக்கும் சரி. அப்புறம்?"

அம்மா அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறினோம். அல்சூர் ஏரி தாண்டியதும் என்னைக் கேட்டாள். "குடிக்கும்போது மொகத்த சுளிச்சானாடி?"

சுளித்தான் என்றேன். நான் பார்த்தேன்.

"நான் பாக்கவே இல்லடி," என்றாள் அம்மா. திங்கட்கிழமை அவளே அண்ணனை அந்த ஷெட்டில் கொண்டுபோய் விட்டாள்.

மற்ற இடங்களில் முதல் பாடம் வணக்கம் சொல்வது, வரிசையில் நிற்பது என்று இருக்கும். மிஸ்ஸின் ஷெட்டில் முதல் பாடம் 'வேண்டாம்'. அதற்காக அவர் பாடாய்ப் பட்டார். வேண்டுமென்றே தப்பான பொருளை நீட்டுவார். அண்ணனின் எட்டாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பு. வெயிலில் ஸ்வெட்டர். திருகாணி வைக்கிற இடத்தில் வேர்க்கடலை. உப்புக் காபி வாரத்துக்கு ஒருமுறை, எப்போதும் முதல் ஸ்பூன் அவர் வாயில். தன்னால் குடிக்க முடியாததை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டாராம். இன்றைக்கு இதைச் செய்தால் யாராவது புகார் எழுதிப் போடுவார்கள். அன்றைக்கே சில தாய்மார்கள் பிள்ளையை நிறுத்திக்கொண்டு போனார்கள். அவர் முறை சரிதானா என்று கேட்டால் இப்போதும் எனக்கு முழுசாகப் பதில் தெரியாது.

ஐந்தாவது வாரம் அண்ணன் டம்ளரை விரலால் தள்ளினான். "வேணா" என்றான். அன்று ஷெட்டில் எல்லோருக்கும் மைசூர்பாகு. மிஸ் எங்கள் வீட்டுக்கே மொபெட்டில் வந்து, ஏதோ பரீட்சை ரிசல்ட் மாதிரி அம்மாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. தயிர்சாதம் வேணா. குளியல் வேணா. மாமா வந்ததும் அவன் தலையில் செல்லமாகத் தட்டுவது வழக்கம், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, வேணா. மாமா மூன்று வாரம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு ஒட்ட வெட்டிய தலைதான், அம்மா கடைக்காரரிடம் சொல்வாள், அவர் மெஷினைப் போட்டு ஓட்டுவார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வேணா என்றான். மாதக்கணக்கில் முடி வளர்ந்து தோளைத் தொட்டது. அம்மா மிஸ்ஸிடம் போய், ஒழுங்காக இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அழுதாள். வேண்டாம் என்பது பாதிதான், எது வேணும் என்பதுதான் மீதி, அதற்கு இன்னும் நாளாகும் என்றார் மிஸ்.

அந்த மீதிக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் இரண்டைக் காட்டிக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிக் கேட்பது கேள்வியே இல்லை, அது உத்தரவு என்பார். முடி வெட்டும் கடைக்கு அவரே இரண்டு படத்தோடு போனார், பெண்கள் நுழையாத கடைக்கு. அண்ணன் நடு வகிடு எடுத்த படத்தைத் தொட்டான். இன்றுவரை அதே நடு வகிடுதான். பார்க்கச் சகிக்காது, ஆனால் அவன் தலை.

கேட்ட பிறகு அவர் செய்வதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். அண்ணன் சட்டைப் பித்தானோடு இருபது நிமிஷம் மல்லாடுவான். எனக்கு விரல் துடிக்கும். மிஸ் அசைய மாட்டார். ஏன் இப்படி உட்காருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சும்மா விட்டால் இந்தக் கை போய் மாட்டிவிட்டுவிடும் என்றார். அதனால் அது பொறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பொறுமைசாலியே கிடையாது. ஆட்டோக்காரரிடம், மின்சார ஆபீசில், என்னிடம், எல்லோரிடமும் எரிந்து விழுவார். அண்ணனை 'நீங்க' என்பவர் என்னை 'நீ' என்பார். அண்ணன் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் போதும், "உன்னையா கேட்டேன்?" என்று வரும். காலேஜில் படிக்கிற பெண், எனக்கு ரோஷமாக இருக்கும். நானும் அவனை 'நீங்க' என்று கூப்பிட வேண்டுமா என்று குத்தலாகக் கேட்டேன். மிஸ் அதை அப்படியே அண்ணனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "வா போ" என்றான். அதனால்தான் இங்கேயும் 'அவன்' என்று எழுதுகிறேன்.

பஸ்ஸுக்குப் பழக்கியதும் அவர்தான். இரண்டு சீட் தள்ளி, யாரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்காருவார். கண்டக்டர் அண்ணனைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, கூட யார் என்று கன்னடத்தில் கேட்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் மிஸ்ஸைக் காட்டுவார்கள். "அவரன்னே கேளி" என்பார் மிஸ், அவரையே கேளுங்கள் என்று, திரும்பாமலே. இரண்டு மாதத்தில் கண்டக்டர்கள் அண்ணனையே கேட்டார்கள்.

ஒருநாள் அண்ணன் மாலையில் வந்து சேரவில்லை. வேறு பஸ்ஸில் ஏறி எங்கோ போய்விட்டான். நான்கு மணி நேரம் மாமா ஒரு பக்கம், மிஸ் மொபெட்டில் ஒரு பக்கம் தேடினார்கள். கடைசியில் மாமாதான் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சில் கண்டுபிடித்தார். ஒரு போலீஸ்காரர் வாங்கிக் கொடுத்த டீயை வேணா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தானாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா மிஸ்ஸை வாய்க்கு வந்தபடி பேசினாள். நான் கொடுத்த தண்ணீரைத் தொடாமலே மிஸ் எழுந்து போனார். மறுநாள் காலையில் அதே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். "நீங்க தப்பான ஸ்டாப்ல இறங்கினதே இல்லியாம்மா?" என்றார். எட்டு மணி பஸ் வந்ததும் அம்மா அண்ணனின் கையை விட்டாள். அவன் ஏறிப் போனான்.

இப்படியே எட்டு வருஷம். நான் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், வைட்ஃபீல்டில் ஐந்தாவது மாடியில் ஃபிளாட் வாங்கினோம். இரண்டாயிரத்து ஒன்றில் அம்மா போய்விட்டாள். அண்ணனுக்கு முப்பது வயது. அம்மா இருக்கும்வரை தள்ளிப்போட்ட கேள்வி இப்போது நடு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் எங்கே இருப்பான்?

என் ஃபிளாட்டில் ஒரு மாதம் இருந்தான். லிஃப்ட்டைக் கண்டால் அவனுக்குப் பயம், கேட்டில் செக்யூரிட்டி இவனைத் தனியாக வெளியே விடமாட்டார். அவன் ஷெட்டுக்குப் போகும் பஸ் அங்கே இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். திரும்ப ஜோகுபாளையத்து வீட்டுக்கே அழைத்து வந்து, நானும் லீவு போட்டு அவனோடு இருந்தேன். அந்த நேரத்தில்தான் மிஸ் கம்மனஹள்ளியில் ஒரு வீடு பிடித்திருந்தார். மூன்று ஆண்கள், சமையலுக்கு ஓர் உதவியாள், வார்டன் கிடையாது, சாவி அவரவர் கையில். அவர் எட்டு வருஷமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த கனவு அது. நாலாவது ஆளாக சேகர் வரலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. மாமாவுக்கும் சம்மதம். மிஸ் தன் கையாலேயே அண்ணனின் கட்டிலுக்கு நீலப் படுக்கைவிரிப்பு வாங்கி வந்து காட்டினார். "புது வீட்டுக்குப் போலாமா சேகர்?" என்று கேட்டபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அண்ணன் அந்த முகத்தைப் பார்த்தான், தலையாட்டினான்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் மிஸ் வந்தபோது பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மாமா அலமாரியின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அடுப்படியில் நின்று, "காபி" என்றான். காபி போட அவன் பழகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, நன்றாகவே போடுவான். எனக்கு ஒரு டம்ளர், மாமாவுக்கு ஒன்று. மிஸ்ஸிடம் கொடுக்கும் முன் அந்த டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு நீட்டினான்.

மிஸ் ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. டம்ளரை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்து, டேய் உப்பைப் போட்டுட்டியே என்று கொட்டப் போனேன். மிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். டம்ளரைத் திரும்ப வாங்கி மேஜைமேல் வைத்து, விரலால் தள்ளினார்.

"வேண்டாம் சேகர்."

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். "எனக்கும் வேணா மிஸ்."

மாமா சிரித்துவிட்டார். டப்பா மாறிப்போயிருக்கும், அவனுக்கு என்ன தெரியும், வண்டி வந்துவிடும், கிளம்புங்கள் என்றார். மிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இந்த வீடா, அந்த வீடா என்று கேட்டார். அண்ணன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். என் வாய் துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன்.

"இங்க. எட்டு மணி பஸ்," என்றான்.

மிஸ்ஸின் கண் கலங்கியதா என்று கேட்டால், கலங்கியது. அதில் ஏமாற்றமும் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை. "நான் ஒண்ணைத்தான் காட்டினேன்," என்றார் என்னிடம். "என் விதியை நானே மறந்துட்டேன். எனக்கு அந்த வீட்டுமேல அவ்ளோ ஆசை."

எனக்கு வந்தது கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது. அவன் ஆசைப்பட்டுவிட்டான் சரி, தனியாக இருக்கும்போது கேஸைத் திறந்து வைத்தால், விழுந்து கிடந்தால், யாராவது ஏமாற்றினால், நான் எப்படித் தூங்குவேன் என்று கத்தினேன். மிஸ் எப்போதும்போல எரிந்து விழவில்லை. "பயம் உன்னோடது. நீதான் வச்சுக்கணும்," என்றார் மெதுவாக. "அவர் தலையில கட்டாதே. அவர் இங்க இருக்கறதுக்கு என்னென்ன வேணும்னு பாரு, அதைச் செய்வோம்."

செய்தோம். பத்து நாள் அவர் மாலையில் வந்து உட்கார்ந்தார், எல்லாவற்றையும் அண்ணனிடம் இரண்டிரண்டாகக் காட்டி. கேஸா, மின்சார அடுப்பா? மின்சார அடுப்பு. ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கன்னட அக்கா வந்து பார்க்கலாமா, சுவரைத் தட்டலாமா? சுவரைத் தட்டட்டும், இவன் திருப்பித் தட்டுவான். டெலிபோனில் ஒரு பட்டனை அழுத்தினால் போகிற மாதிரி நம்பர்களைப் போட்டு, பட்டனுக்குப் பக்கத்தில் முகங்களை ஒட்டினோம். என் படம், மாமா படம், மிஸ் படம். முதல் வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் எனக்கு போன் அடித்தான், ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேனா என்று பார்க்க. ஒரு குக்கர் கருகியது. ஒருமுறை சாவியைத் தொலைத்துவிட்டு வாசல்படியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். நான் பயந்த பெரிய விபத்து எதுவும் வரவில்லை. வந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து மிஸ் கம்மனஹள்ளி வீட்டை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னொரு ஊரில் இதே மாதிரி தொடங்கப் போனார். கடிதம் வந்தது, பிறகு நின்றது. டெலிபோனில் அவர் முகத்தை அழுத்தினால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொல்கிறாள். அண்ணன் அதை முழுசாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அந்தப் படத்தை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். வேணா என்றான். அவன் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறான்.

அந்தக் காலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பி, மாமா அலமாரிக் கயிற்றை முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தபோது, அண்ணன் உப்புக் காபியைக் கொட்டிவிட்டு வேறு பால் வைத்தான். சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியோடு மிஸ்ஸைப் பார்த்தான்.

"எவ்ளோ மிஸ்?"

எட்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் அவர் எத்தனையோ காபி குடித்திருப்பார். அம்மா போடுவாள், நான் போடுவேன், எங்களுக்குப் போடுகிற மாதிரி இரண்டு கரண்டி. ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மிஸ் வாயைத் திறந்தார், பதில் வரவில்லை. யாராவது அவரை இதைக் கேட்டே வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். அவர் யோசித்துக்கொண்டிருந்தார், பால் பொங்கி அடங்கியது, நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையை நீட்டி என்னைத் தடுத்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரில் பெட்டிமேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"அரை," என்றார் மிஸ் கடைசியில். "அரைக் கரண்டி போதும் சேகர்."

அரைக் கரண்டிதான் போட்டான்.